விலக்கில் நிற்கும் பஸ்

எங்கள் பக்கத்தில் 'விலக்கு' என்றொரு சொல் புழக்கத்தில் உண்டு. மெயின் ரோட்டில் இருந்து ஊருக்குக் கிளைச்சாலை பிரியும் இடத்துக்குப் பெயர் விலக்கு. அருப்புக்கோட்டையில் இருந்து திருச்சுழி, நரிக்குடி, வீரசோழன் என்று கிழக்கே போகும் எந்தப் பஸ்ஸில் ஏறினாலும், கண்டக்டர் 'இன்ன விலக்கு எறங்கு, இன்ன விலக்கு எறங்கு' என்று குரல் கொடுத்துக்கொண்டே வருவார். அகராதியைப் புரட்டினால் இதே சொல்லுக்கு ஒதுக்கிவை, தள்ளிவை என்றும் பொருள். மொழி சும்மா இருப்பதில்லை தோழர்களே.

விலக்கில் இறங்கிச் சீமைக்கருவேலங்காட்டுக்கு நடுவே நடந்தால் முதலில் கண்மாய்க்கரை, பிறகு ஊர். ஊரைத் தாண்டியோ ஊரைச் சுற்றிக்கொண்டோ போனால் சேரி. பஸ் உள்ளே வருகிற ஊர்களிலும் அது சாவடி முன்னாலோ கோயில் முன்னாலோ நின்று, மூச்சு வாங்கி, திரும்பிவிடுகிறது. அங்கிருந்து சேரிக்கு நடை. விலக்கில் இருந்து ஊருக்கு உள்ள தூரம் நெடுஞ்சாலைத் துறையின் கணக்கில் இருக்கிறது. பஸ் திரும்புகிற இடத்தில் இருந்து சேரிக்கு உள்ள தூரம் யாருடைய கணக்கில் இருக்கிறது? போக்குவரத்துக் கட்டமைப்பு என்று நாம் பேசத் தொடங்க வேண்டியது இந்த இடத்தில் இருந்துதான். தார், பாலம், நான்குவழிச்சாலை எல்லாம் பிறகு.

ஐரோப்பாவில் சுவிட்சர்லாந்து என்றொரு சின்ன நாடு. நம் சினிமாக்காரர்கள் டூயட் பாடப் போகிற அதே நாடுதான். பரப்பளவில் தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் வரும். பாதிக்கு மேல் மலை. அந்த நாட்டின் தபால்துறை 1906இலேயே மோட்டார் பஸ் ஓட்டத் தொடங்கியது. இன்றும் அந்த மஞ்சள் பஸ் மலைக் கிராமங்களுக்கு ஏறிக்கொண்டிருக்கிறது. அங்கே ஒரு விதி இருக்கிறது: ஆண்டு முழுக்கக் குறைந்தது 100 பேர் வசிக்கும் குடியிருப்பு என்றால் அதைப் பொதுப் போக்குவரத்தோடு இணைக்க வேண்டும். டிக்கெட் காசில் கட்டுபடியாகாத பாக்கியை மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து கொடுக்கும்.

இந்த விதியில் என்னைப் பிடித்து உலுக்கியது அந்த 100 என்கிற எண்ணைவிட 'குடியிருப்பு' என்கிற சொல்தான். அந்தச் சட்டம் தலையை எண்ணுகிறது. 100 தலை இருந்தால் அது ஊர். நம்மிடம் அப்படி ஒரு விதி நாளைக்கே வந்தாலும் முதல் கேள்வி, எது ஊர் என்பதாகத்தான் இருக்கும். 300 பேர் குடியிருக்கிற சேரியும் இங்கே தனி ஊர் இல்லை. ஊரின் வால். ஊருக்குப் பஸ் வந்துவிட்டால் சேரிக்கும் வந்துவிட்டதாக ரிஜிஸ்டரில் எழுதிக்கொள்வார்கள். குடிதண்ணீர்த் தொட்டிக்கும் ரேஷன் கடைக்கும் இதே கதைதான். ஓட்டு எண்ணும்போது மட்டும் சேரி தனியாக எண்ணப்படும்.

சுவிட்சர்லாந்தைச் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. அந்த நாட்டில் பெண்களுக்குத் தேசியத் தேர்தலில் ஓட்டு கிடைத்தது 1971இல். ஒரு மாநிலம் 1990 வரை, கோர்ட் உத்தரவு போட்டு இறுக்கும் வரை, மறுத்தே வந்தது. பஸ் மலையேறிய நாட்டில் ஜனநாயகம் அவ்வளவு மெதுவாகத்தான் நடந்திருக்கிறது. பஸ் வந்தால் சமத்துவம் தானாக வந்துவிடும் என்று நம்புகிற ஆள் நான் இல்லை. ஆனால் 100 பேருக்கு ஒரு நிறுத்தம் என்று சட்டம் பேசும்போது, அந்த 100 பேர் யாருடைய தயவையும் கேட்டு நிற்க வேண்டியதில்லை. நமக்கு வேண்டியது அந்த உரிமை மொழி.

நம் ஊரில் பஸ் ஏன் உள்ளே வரலைன்னு கேட்டால் ரெண்டு பதில் தயாராக இருக்கும். 'கலெக்ஷன் இல்ல' என்பது ஒன்று. 'வண்டி திரும்ப எடம் இல்ல' என்பது இன்னொன்று. இரண்டையும் பிரித்துப் பார்ப்போம்.

முதலில் கலெக்ஷன். வங்கியில் குமாஸ்தாவாக இருந்து வரவு செலவு எழுதிப் பிழைக்கிறவன் என்பதால் கேட்கிறேன், நஷ்டத்தை யார் பக்கத்தில் எழுதுகிறீர்கள்? முதியோர் பென்ஷன் எடுக்க வரும் அப்பத்தாக்களை நான் கவுண்டருக்குள் இருந்து பார்க்கிறேன். காலையில் விலக்கு வரை நடந்து பஸ் பிடித்து வருகிறார்கள். நெட்வொர்க் அரை மணி நேரம் போய்விட்டால் மத்தியான பஸ் போய்விடும். அடுத்தது சாயங்காலம். பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்திருக்கிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பஸ்ஸை விட்டுவிட்டால் அன்று லீவு. கூலிக்காரன் விட்டுவிட்டால் அன்றைய சம்பளம் போச்சு. வயிற்றுப்பிள்ளைக்காரி விட்டுவிட்டால் என்ன போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இந்த நஷ்டங்கள் எதுவும் போக்குவரத்துக் கழகத்தின் கணக்கில் ஏறாது. நம் ஆட்களின் உடம்பில் ஏறும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். எங்கள் விருதுநகர் மாவட்டத்தில் நூற்பாலை வேனும் பட்டாசு ஆலை வண்டியும் இருட்டோடு இருட்டாகச் சேரி வாசலுக்கே வந்து ஹாரன் அடிக்கின்றன. அந்த வண்டிகளுக்கு ரோடு சரியாகத்தான் இருக்கிறது. திரும்பவும் எடம் இருக்கிறது. முதலாளிக்கு ஆள் வேண்டும் என்றால் வண்டி நம் வாசலைத் தேடி வரும். நமக்குப் படிப்பு வேண்டும், ஆஸ்பத்திரி வேண்டும், கோர்ட்டு வேண்டும் என்றால் நாம் விலக்கைத் தேடி நடக்க வேண்டும். வண்டி வராததற்கு ரோடு காரணம் இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

இரண்டாவது பதிலான 'திரும்ப எடம் இல்ல' என்பதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் வரலாற்றுக்குள் போக வேண்டும்.

வண்டியும் தீண்டாமையும் நமக்குப் புதிய விஷயம் அல்ல. 1901இல், சிறுவனாக இருந்த அம்பேத்கர் அப்பாவைப் பார்க்கப் போகிற வழியில், மசூர் ரயில்வே ஸ்டேஷனில் இறங்கினார். மகர் பிள்ளைகள் என்று தெரிந்ததும் எந்த மாட்டு வண்டிக்காரனும் ஏற்றவில்லை. இரட்டைக் கூலி கொடுத்து, வண்டியைப் பிள்ளைகளே ஓட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது. 1929இல், பாரிஸ்டராகி, அரசாங்கக் கமிட்டி உறுப்பினராகச் சாலிஸ்கான் போனபோதும் அதே கதை. எந்தக் குதிரை வண்டிக்காரனும் தீண்டத்தகாதவனுக்கு ஓட்டத் தயாராக இல்லை. பழக்கமில்லாத ஒருவர் ஓட்டினார். வண்டி கவிழ்ந்து அம்பேத்கரின் கால் எலும்பு முறிந்தது. படிப்பும் பதவியும் வந்தாலும் சாதி வண்டியை விட்டு இறங்குவதில்லை.

இங்கே 1924இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்து, பொதுச்சாலையும் தெருவும் கிணறும் எல்லோருக்கும் பொது என்று அரசாணை வர வைத்தார். பொதுச்சாலை பொது என்று சொல்லவே ஒரு அரசாணை தேவைப்பட்ட நாடு இது. 1920களின் கடைசியில் ராமநாதபுரம் ஜில்லா போர்டின் தலைவராக இருந்தவர் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன். திருச்சுழியும் அருப்புக்கோட்டையும் வீரசோழனும் அன்று அந்த ஜில்லாவுக்குள் இருந்தவை. ஆதிதிராவிடரை ஏற்ற மறுக்கும் பஸ்ஸின் உரிமம் ரத்தாகும் என்று அவர் உத்தரவு போட்டார். வீரசோழனுக்குப் பக்கத்திலேயே இருக்கிற கமுதியின் கோயிலுக்குள் 1897இல் நுழைந்ததற்காக வழக்கில் இழுக்கப்பட்டு, லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1908இல் தோற்ற நாடார் சமூகத்தில் பிறந்தவர் அவர். விலக்கப்பட்டவனுக்கு விலக்கின் வலி தெரியும். தெரிந்து, அதிகாரம் கைக்கு வந்தபோது அதை நமக்காகப் பயன்படுத்தினார் என்பதை நாம் மறக்கக் கூடாது. இரண்டாவது பாடமும் அதில் இருக்கிறது. பஸ் முதலாளியின் மனசாட்சிக்கு விண்ணப்பம் போடாமல் அவனுடைய லைசென்சில் கை வைத்தார்.

1972இல் தனியார் பஸ்கள் அரசுடைமையாயின. மதுரைப் பக்கத்துக்குப் 'பாண்டியன்' வந்தது. பிறகு 'கட்டபொம்மன்', 'சோழன்', 'மருதுபாண்டியர்' என்று வரிசையாக வந்தன. மன்னர்களின் பெயரும் பாளையக்காரர்களின் பெயரும் தாங்கிய பஸ்களில் நாம் யாரும் ஏற மாட்டோம் என்று சொல்லவில்லை. நின்றுகொண்டு போனோம், தொங்கிக்கொண்டு போனோம், ஆனால் போனோம். சென்னையில் அம்பேத்கர் பெயரிலும் ஒரு கழகம் ஓடியது.

1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட புதிய கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைக்க அரசு முடிவெடுத்தது. சுந்தரலிங்கம் கவர்னகிரிக்காரர், தேவேந்திரகுலத்தில் பிறந்தவர், கட்டபொம்மனின் படைத்தளபதி. அரசனின் பெயர் எழுதிய பஸ்ஸில் இருபது வருஷத்துக்கு மேல் ஏறி இறங்கியவர்கள், தளபதியின் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்றார்கள். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கமெல்லாம் பற்றி எரிந்தது. உயிர்கள் போயின. கடைசியில் அந்த ஜூலையில் அரசு என்ன செய்தது? எல்லாக் கழகங்களில் இருந்தும் எல்லா மாவட்டங்களில் இருந்தும் தலைவர்கள் பெயரை மொத்தமாக அழித்துவிட்டது. எல்லாம் 'தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம்' ஆயிற்று. ஒரு பள்ளனின் பெயரைப் பஸ்ஸில் தாங்க முடியாத சமூகத்துக்காக மன்னர்கள் எல்லோரும் பஸ்ஸை விட்டு இறக்கப்பட்டார்கள். இதற்குச் சமரசம் என்று பெயர் வைத்தார்கள்.

1955 டிசம்பரில் அமெரிக்காவின் மாண்ட்கோமரி நகரத்தில், வெள்ளையனுக்கு இருக்கையை விட்டுத்தர மறுத்ததற்காக ரோசா பார்க்ஸ் கைது செய்யப்பட்டார். கறுப்பின மக்கள் 381 நாள் பஸ் ஏறாமல் நடந்தே போய் அந்தச் சட்டத்தை உடைத்தார்கள். உலகம் அறிந்த பஸ் புறக்கணிப்பு அது. விருதுநகரில் நடந்ததும் பஸ் புறக்கணிப்புதான். அங்கே ஒடுக்கப்பட்டவர்கள் இருக்கைக்காக நடந்தார்கள். இங்கே ஒடுக்குகிறவர்கள் ஒரு பெயருக்காக இறங்கினார்கள். அங்கே புறக்கணித்தவர்கள் ஜெயித்து நியாயம் கிடைத்தது. இங்கேயும் புறக்கணித்தவர்கள்தான் ஜெயித்தார்கள்.

பெயரோடு நின்றதா? 1995 ஜூலையில் வீரசிகாமணியில் ஒரு பஸ் டிரைவருக்கும் தலித் மாணவர்களுக்கும் மூண்ட தகராறில் தொடங்கிய தீ, ஆகஸ்ட் 31 அன்று போலீஸ் கொடியன்குளத்துக்குள் புகுந்து சூறையாடியது வரை போனது. 1997 ஜூன் 30 அன்று மேலவளவு பஞ்சாயத்துத் தலைவர் முருகேசனையும் உடன் இருந்தவர்களையும் வெட்டியது அவர்கள் வந்த பஸ்ஸை மறித்து. 2008 மே 6 அன்று இடிபட்ட உத்தப்புரம் சுவரைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். அந்த மக்களின் கோரிக்கைகளில் பஸ் நிழற்குடையும் ஒன்று என்பது பலருக்குத் தெரியாது. 2025 பிப்ரவரியில் மானாமதுரைப் பக்கம் மேலப்பிடாவூரில், நீ எப்படிடா புல்லட் ஓட்டலாம் என்று கேட்டு ஒரு கல்லூரி மாணவனின் கைகளை வெட்டியதாக வழக்குப் பதிவானது. அடுத்த மாதம் ஸ்ரீவைகுண்டம் பக்கம் தேர்வு எழுதப் போய்க்கொண்டிருந்த ஒரு பதினொன்றாம் வகுப்பு மாணவனைப் பஸ்ஸில் இருந்து இறக்கி வெட்டினார்கள். விரல்கள் துண்டாயின. முப்பது வருஷம். பஸ் மாடல் மாறியிருக்கிறது, கலர் மாறியிருக்கிறது.

ஏன் எல்லாம் பஸ்ஸிலேயே நடக்கிறது? கிராமத்தில் ஆதிக்க சாதிக்காரனும் தலித்தும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார வேண்டிய இடம் பஸ் ஒன்றுதான். கோயிலில் விலக்கலாம். டீக்கடையில் கிளாஸை மாற்றலாம். சுடுகாட்டைப் பிரிக்கலாம். பஸ்ஸில் ஒரே டிக்கெட், ஒரே சீட்டு. யார் முதலில் ஏறினாரோ அவர் உட்காருவார். சாதி தன் ஒழுங்கைக் காப்பாற்ற முடியாமல் தடுமாறுகிற இடம் அது.

இப்போது அந்த 'எடம் இல்ல' பதிலுக்கு வருவோம். பஸ் சாவடியோடு திரும்பினால் அங்கேதான் முதல் ஸ்டாப். ஊர்க்காரர்கள் ஏறி சன்னல் ஓரம் பிடித்து உட்கார்ந்த பிறகு, சேரியில் இருந்து நடந்து வந்தவர்கள் நின்றுகொண்டு போவார்கள். பஸ் சேரி வரை போனால்? கடைசி ஸ்டாப் சேரி. திரும்பும்போது சேரிதான் முதல் ஸ்டாப். சாவடிக்கு வரும்போது பஸ்ஸில் நம் பொம்பளைகள் உட்கார்ந்திருப்பார்கள். சாவடிக்காரர்கள் நிற்க வேண்டும். இதுதான் விஷயம். வண்டி திரும்புவதற்கு அரை கிரவுண்டு நிலம் நம் தெருவில் எப்படியும் கிடைத்துவிடும். கிடைக்காதது, உட்கார்ந்திருக்கும் ஒரு சேரிப் பெண்ணுக்கு முன்னால் நின்றுகொண்டு வரச் சம்மதிக்கிற மனசு. ரோடு போடும் எஞ்சினியரும் டிப்போ மேனேஜரும் இதைத் திட்டமிட்டுச் செய்ய வேண்டியதில்லை. ஊரைக் கேட்டு வழித்தடம் போடுகிறார்கள், ஊர் தன் ஒழுங்கை வழித்தடமாகச் சொல்லிக் கொடுத்துவிடுகிறது. கட்டமைப்பு என்றால் இதுதான்.

சில தோழர்கள் கேட்பார்கள், 'இப்ப ஆளுக்கொரு டூவீலர் இருக்கு, ஷேர் ஆட்டோ இருக்கு, பஸ்ஸைப் பத்தி இன்னும் எதுக்குப் பேசணும்?' டூவீலர் யாரிடம் இருக்கிறது? இளவட்டப் பையனிடம். தவணை முடியாத வண்டி. அவன் வேலைக்குப் போய்விட்டால் அவன் அம்மாவுக்கு என்ன வண்டி? 2021 மே 8 முதல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண டவுன்பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆனது. நல்ல திட்டம், நம் பெண்கள் கையில் காசு மிச்சமாகிற திட்டம். அதற்கு முந்தைய வருஷம், 2020 பிப்ரவரி 29இல், லக்சம்பர்க் என்கிற இன்னும் சின்ன ஐரோப்பிய நாடு, எங்கள் விருதுநகர் மாவட்டத்தைவிடச் சின்ன நாடு, பஸ், டிராம், ரயில் எல்லாவற்றிலும் எல்லோருக்கும் டிக்கெட்டை ஒழித்தது. ஆனால் அங்கே முதலில் பஸ் வந்தது, பிறகு டிக்கெட் போனது. இலவச டிக்கெட் என்பது பஸ் நிற்கிற இடத்தில் இருப்பவளுக்குத்தான் இலவசம். விலக்கு வரை நடக்கிற நடைக்கு யார் விலை போடுவது?

மினிபஸ் என்றொரு திட்டம் 1997இலேயே வந்தது. 2025 ஜூனில் புதிய விதிகளோடு மறுபடி தொடங்கினார்கள். வழித்தடத்தின் நீளம் 25 கிலோமீட்டருக்குள், அதில் 65 சதவீதம் இதுவரை பஸ் போகாத பாதையாக இருக்க வேண்டும் என்கிறது விதி. 'பஸ் போகாத பாதை' என்பதை எதை வைத்து முடிவுசெய்வது? சாவடி வரை பஸ் போகிற ஊர் என்றால் அது பஸ் போகிற ஊர். அதற்கு அப்பால் உள்ள கிலோமீட்டர் மறுபடியும் காகிதத்தில் காணாமல் போய்விடும்.

2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களில் இருந்து நீக்குவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். சொல் போவது நல்லதே. இழிவாகக் கூப்பிட்ட சொல் போகட்டும். ஆனால் 1997ஐப் பார்த்த நாம் ஒன்றைச் சொல்லிவைக்க வேண்டும். பெயரை அழிப்பதில் அரசாங்கத்துக்குப் பழக்கம் அதிகம். பலகையில் சொல் மாறினால் போதாது, பலகைக்குப் பக்கத்தில் பஸ் வந்து நிற்க வேண்டும்.

அதனால் நம் கோரிக்கையை இப்படி வைப்போம். ஒன்று, 100 பேர் வசிக்கும் எந்தக் குடியிருப்பும் தனி நிறுத்தத்துக்கு உரியது என்று சட்டம் வேண்டும், சேரியைத் தனியாக எண்ண வேண்டும். இரண்டு, ஊருக்குள் வரும் பஸ் சேரியில் முடிந்து சேரியில் இருந்து புறப்பட வேண்டும். நமக்கென்று தனியாக ஒரு நிழற்குடை கட்டித் தருகிறோம் என்று வருவார்கள், ஏமாறக் கூடாது. அது இன்னொரு ரெட்டை கிளாஸ். நாம் கேட்பது அதே பஸ், அதே வழி, கடைசி வரை. மூன்று, கட்டுபடியாகாத பாக்கியை அரசு கொடுக்கட்டும். ஆதிதிராவிடர் பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டத்துக்கென்று 2024இல் தனிச் சட்டமே போட்டிருக்கிறார்கள். நம் பெயரால் ஒதுக்குகிற பணம் நம் தெருவரைக்கும் வரட்டும். நான்கு, பொது வாகனத்தைப் பயன்படுத்த விடாமல் தடுப்பதும் சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்ட விடாமல் தடுப்பதும் 2015 திருத்தத்துக்குப் பிறகு வன்கொடுமைச் சட்டப்படி குற்றங்கள். பஸ்ஸைச் சேரிக்கு வர விடாமல் மறிக்கிற ஊர்க்கூட்டத்தின் மேல் அந்தப் பிரிவில் வழக்குப் போடச் சொல்லி நிற்போம்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. லீவுக்கு ஊருக்குப் போகும்போது ஒரு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பஸ் திரும்புகிற இடத்தில் இருந்து உங்கள் தெருவின் கடைசி வீடு வரை எத்தனை மீட்டர் என்று அளந்து எழுதுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை பஸ், எத்தனை மணிக்கு, யார் உட்கார்ந்து வருகிறார்கள், யார் நின்று வருகிறார்கள் என்று எழுதுங்கள். வீரசோழனைச் சுற்றி இருக்கிற சேரிகளில் இருந்து தொடங்கலாம். இருபது ஊருக்கு எழுதினால் அது ஒரு ஆவணம். கிராமசபையில் வாசித்துத் தீர்மானமாக்குங்கள், கலெக்டர் மேசையில் வையுங்கள், தகவல் உரிமைச் சட்டத்தில் கேள்வி போடுங்கள். ஜில்லா போர்டு காலத்தில் ஒரு சௌந்தரபாண்டியன் இருந்தார். இப்போது அந்த நாற்காலியில் யார் இருந்தாலும், கையெழுத்துப் போட வைக்கிற வேலை நம்முடையது.

நமக்குத் தேவை பஸ்ஸின் மேல் எழுதப்படும் பெயர் மட்டும் அல்ல, பஸ் திரும்பும் இடம். அது நம் தெருவாக இருக்கட்டும். சாவடியில் நிற்கிறவர்கள் ஏறும்போது நம் அம்மா சன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருக்கட்டும்.